வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் கிடைத்த தாள்

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. இன்ஸ்பெக்டர் கேட்க, நான் சொல்ல, நிலைய ரைட்டர் எழுதிக்கொண்டது.

என் பெயரும் தகப்பனார் பெயரும் மேலே கட்டத்தில் இருக்கின்றன. வயது நாற்பத்தேழு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் மரக்கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. தொழில் என்ன என்று கேட்டதற்கு இரண்டு என்று சொன்னேன். ஒன்றொன்றாகச் சொல்லும்படி சொன்னார்கள். பெரிய தெருவிலுள்ள டிரை கிளீனிங் கடையில் பத்தொன்பது வருடமாகத் துணி வாங்கி, குறி போட்டு, பாக்கெட் சோதித்து உள்ளே அனுப்புகிற வேலை பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பாக்கெட் அக்கா என்பார்கள். இன்னொரு தொழில் கதை எழுதுவது. அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொன்னதும் ரைட்டர் பேனாவை நிறுத்தி, "அது ஆம்பளைன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அப்படி நினைக்கட்டும் என்றுதான் அந்தப் பெயர். இதுவரை அறுபத்திரண்டு கதைகள் வாரப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. என் கணவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இருபத்து மூன்று வருடமாக எங்கள் வீட்டில் சண்டை இல்லாததற்கு அதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். இந்த அறையில் இரண்டு ரைட்டர்கள் இருக்கிறோம், எழுதினால் சம்பளம் வருகிறவர் அவர் ஒருவர்தான் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து என் வாய் அதுபாட்டுக்குப் பேசுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் சென்ற வாரப் பத்திரிகையை என் முன்னால் விரித்து, "இந்தக் கதையெல்லாம் உங்களுக்கு எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை இதற்கு முன் பலர் கேட்டிருக்கிறார்கள். குளிக்கும்போது வரும் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும் என்று ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். இரண்டும் பொய். உண்மையை முதல்தடவையாக இங்கேதான் சொல்கிறேன். என் கதைகள் மற்றவர்களின் பாக்கெட்டிலிருந்து வருகின்றன.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. துணி வந்ததும் எல்லா பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பேனாவோ வெற்றிலையோ இருந்து உள்ளே போனால் ஒரு பேன்ட் போகாது, ஒரு லோடே போகும். கிடைப்பதைக் காகிதக் கவரில் போட்டு, பில் நம்பர் எழுதி, துணி தயாரானதும் அந்த ஹேங்கரிலேயே குத்திக் கொடுக்க வேண்டும். பஸ் டிக்கெட், பழைய பில், மளிகைச் சீட்டு மாதிரிக் குப்பையைக் கூடையில் போட்டுவிடலாம். எது குப்பை, எது குப்பையில்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் முழுக்க என்னிடம் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் முதலாளி ஒருநாள்கூட அதைக் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பில் கேட்கிற ஒரு வங்கி அதிகாரியின் பேன்ட்டில் ஒற்றைப் பொம்மைச் செருப்பு கிடைத்தது. என் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. அதைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் கொடுத்த பிறகும் அந்தச் செருப்பு என்னை விடவில்லை. அதுதான் என் முதல் கதை. அதன் பிறகு ஒரு டிக்கெட் பரிசோதகரின் கோட்டில் அவரே வாங்கிய டிக்கெட்டுகள் வாராவாரம் கிடைத்தன, எல்லாம் அவர் வீட்டுக்கு ஒரு ஸ்டாப் தாண்டி. அது இரண்டாவது கதை. இந்த நிலையத்து யூனிஃபார்ம்களும் எங்கள் கடைக்குத்தான் வருகின்றன, அவற்றில் என்ன கிடைக்கும் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். ரைட்டர் தலையைத் தூக்கவே இல்லை.

கிடைக்கிற காகிதங்களில் எனக்குப் பிடித்ததை நோட்டில் ஒட்டிவைப்பேன். இடதுபக்கம் காகிதம், வலதுபக்கம் என் குறிப்பு. நகல் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. அவர்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால்தான் எனக்கு அவர்கள் குரல் கேட்கும். பசையை ஓரத்தில் மட்டும் தொட்டு வைத்தால் காகிதம் சுருண்டுவிடும் என்பதால் நோட்டுப் பக்கம் முழுக்கத் தடவி, அதன்மேல் காகிதத்தை வைத்து உள்ளங்கையால் நீவி ஒட்டுவேன். துணி மடிக்கிற கை, ஒரு சுருக்கம் இருக்காது. அப்படிப் பதினொரு நோட்டுகள் இருக்கின்றன. இது திருட்டு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குப்பையைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்தேன்.

இனி நடந்தது. பதினொரு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, தபால் ஆபீஸ் எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் வெள்ளைக் கோட் சலவைக்கு வந்தது. அவர் கண் பரிசோதனை செய்யும்போது போடுகிற கோட். கடை ஆள்தான் கொண்டுவந்து கொடுத்தார். இடதுபக்க பாக்கெட்டில் ஒரு பேனா மூடியும், எட்டாக மடித்த ஒரு தாளும் இருந்தன. வீட்டு பிளான் வரைகிற தடித்த தாள். பென்சிலால் எழுதியிருந்தது. பிரித்துப் படித்தேன். அதில் இருந்ததை மனப்பாடமாகச் சொல்கிறேன்.

"அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பூங்காவுல, தண்ணித் தொட்டிக்கு எதிர் பெஞ்சுல இருப்பேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல வந்து உட்கார்ந்தா போதும். கறுப்பு ஃபிரேம்தான் போட்டிருப்பேன். உங்க முக்கால்."

இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு வரியை நான் அறுபத்தொரு கதையில் எழுதியதில்லை. முக்கால் என்ற பெயரை எவ்வளவு யோசித்தாலும் என்னால் வைத்திருக்க முடியாது. பொறாமையாகக்கூட இருந்தது, அதை மறைக்கவில்லை.

இது கடிதம், குப்பை இல்லை, கவரில் போட வேண்டியதுதானே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். போட வேண்டியதுதான். ஆனால் அவருடைய பாக்கெட்டில், மடிப்புப் பழகிப்போய் இருந்த தாள் அது. படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். படித்துவிட்டுச் சலவைக்குப் போடும் அளவுக்கு அலட்சியமான மனுஷன் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அந்தத் தாள் அவருக்குச் சேர வேண்டியது இல்லை, எனக்குச் சேர வேண்டியது என்று தோன்றிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டில் பசை தடவி ஒட்டினேன். திருப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டார். திருப்பவில்லை. கையெழுத்தோடு முடிந்துவிட்ட கடிதத்தைத் திருப்ப வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு வேண்டியது முழுக்க முன்பக்கத்திலேயே இருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை பல்வலி என்று முதலாளியிடம் பொய் சொல்லி அரைநாள் லீவு போட்டுவிட்டு, மூன்றரை மணிக்கே அந்தப் பூங்காவுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், இருபதடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். அவர் வருகிறாரா, வந்தால் எப்படி உட்காருகிறார் என்று பார்க்கத்தான் போனேன். இப்போது சொல்வது அந்த நோட்டில் நான் நேரம் போட்டு எழுதியபடி.

மூன்று ஐம்பதுக்கு அந்தப் பெண் வந்தது. வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். நீலச் சட்டை, கறுப்பு ஃபிரேம். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து, பிறகு எழுந்து ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தது. நாலரைக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியைத் தின்றுவிட்டு, மீதிப் பாதியைக் கைக்குட்டையில் வைத்துக் காலியான பக்கத்தில் வைத்தது. ஐந்து மணிக்குச் செய்தித்தாளோடு ஒரு பெரியவர் உட்காரப் போனார். "இங்க ஆள் வர்றாங்க" என்றது. அந்தப் பெண் பேசி நான் கேட்டது அந்த மூன்று வார்த்தைதான். ஐந்தே முக்காலுக்குள் கண்ணாடியை ஒன்பது தடவை கழற்றித் துடைத்தது. ஆறு மணிக்கு எழுந்திருக்கவில்லை. ஆறு பத்துக்கு எழுந்து, கைக்குட்டையை மட்டும் உதறி எடுத்துக்கொண்டு, பழத்தை அங்கேயே விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கமாகப் போனது. போகும்போது என்னைத் தாண்டித்தான் போனது. என் மடியில் நோட்டு திறந்திருந்தது. இடதுபக்கம் அந்தப் பெண்ணின் கடிதம் ஒட்டியிருந்தது, வலதுபக்கம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். குனிந்திருந்தால் தன் கையெழுத்தையே பார்த்திருக்கும்.

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாமேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். பேசியிருக்கலாம். எழுந்து போய், நான் உங்கப்பா துணி போடுற கடையில் வேலை பார்க்கிறேன் என்று ஆரம்பித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எழுந்தால் கதை கெட்டுவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் எழுதினேன். அழுததால் நான் நல்லவள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் போன பிறகு நான் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை கோட்டை வாங்க அவரே கடைக்கு வந்தார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மழை வருமா வராதா என்று பேசினார். பெற்ற பிள்ளையை நேற்று இரண்டு மணி நேரம் காக்கவைத்த மனுஷன் இன்றைக்கு மழையைப் பற்றிப் பேசுகிறானே என்று எனக்கு எரிந்தது. வழக்கமாகக் கேட்பதுபோல "பாக்கெட்ல ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். கடிதத்தைத்தான் கேட்கிறார், கிழித்துப் போடப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "பேனா மூடி ஒண்ணுதான் சார்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் எப்போதும் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறவர்தான்.

அதன் பிறகு நான்கு நாளில் கதையை எழுதி முடித்தேன். என் கதைகளில் இவ்வளவு சீக்கிரம் எழுதியது வேறில்லை, பாதி அந்தப் பெண்ணே எழுதிக் கொடுத்ததுதானே. இரண்டு இடத்தில் என் கைச்சரக்கைச் சேர்த்தேன். முக்கால் என்ற பெயருக்குக் காரணம் தெரியாததால், எட்டாம் மாதத்தில் அவசரமாகப் பிறந்த பிள்ளை, அதனால் அப்பா அப்படிக் கூப்பிடுகிறார் என்று வைத்தேன். கடைசியில், மகள் எழுந்து போகிற நேரத்தில் அப்பா மூச்சு வாங்க ஓடிவந்து, ஒன்றும் பேசாமல், பாதி ஆரஞ்சை எடுத்துத் தின்பதாக முடித்தேன். வராமல் போனதாகவே முடித்திருக்கலாம், ஆனால் பத்திரிகை ஆசிரியருக்குச் சோகமான முடிவு ஆகாது. எனக்கும் அந்தப் பெண்ணுக்கு நான் ஏதோ நல்லது செய்துவிட்டதுபோல இருந்தது.

கதை சென்ற வியாழக்கிழமை வெளிவந்தது. நேற்று திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். கையில் பத்திரிகை சுருட்டியிருந்தது. அவர் வெள்ளைக் கோட்டோடு தெருவில் நடந்து வந்து நான் பார்த்ததில்லை. இதை எழுதினவர் யார் என்று பத்திரிகை ஆபீஸில் கேட்டதாகவும், இந்தக் கடை விலாசம் கொடுத்தார்கள் என்றும் சொன்னார். என் தபால்களெல்லாம் கடை விலாசத்துக்குத்தான் வரும். நான்தான் என்றேன். கதை உறைத்துவிட்டது, அதுதான் ஆளைத் தேடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுதுகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். அது எனக்கு இப்போது நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"போகாம இருந்தது நீங்கதானே சார்" என்றேன்.

"எங்கே?" என்றார்.

அவர் அந்த ஒரு சொல்லைக் கேட்ட விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அந்தத் தாளைப் பார்த்ததே இல்லை. அதன் பிறகு நான் தட்டுத்தடுமாறி, கோட்டில் ஒரு கடிதம் இருந்தது, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தது, நான் போய்ப் பார்த்தேன், ஆறு பத்து வரை அந்தப் பெண் காத்திருந்தது என்று சொன்னேன். அவர் பக்கத்தில் நின்ற ஹேங்கர் ஸ்டாண்டைப் பிடித்தார். அது சக்கரம் வைத்த ஸ்டாண்ட், அவர் எடையோடு சேர்ந்து நகர்ந்து சாய்ந்து, கவர் போட்டு வைத்திருந்த முப்பத்தொரு உருப்படிகளும் தரையில் விழுந்தன. அவர் கடையை அடித்து நொறுக்கினார் என்று முதலாளி கொடுத்திருக்கும் புகார் சரியல்ல. முதலாளி உள்ளே பாய்லர் பக்கம் இருந்தார், சத்தம் கேட்டுத்தான் வந்தார். நான் நேரில் பார்த்தவள். அவர் எதையும் தள்ளவில்லை. கீழே விழாமல் இருப்பதற்குப் பிடித்தார். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு போலீஸ் வந்து இருவரையும் இங்கே கூட்டிவந்தார்கள். மற்ற விவரங்களெல்லாம் அவர் இன்ஸ்பெக்டரிடம் சொல்லும்போது எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டவைதான். அந்தப் பெண் வீட்டு பிளான் வரைகிற வேலைக்குப் போக ஆசைப்பட்டது, கண்ணாடிக் கடையை எடுத்து நடத்த மாட்டேன் என்று சொன்னது, அதற்காக மூன்று வருடம் அவர் மகளோடு பேசவில்லை. போன் வந்தால் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் உள்ளறைக்குப் போய்விட்டார். கோட் சலவைக்கு வந்ததற்கு முந்தின நாள் திங்கட்கிழமை அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெண் கடைக்கு வந்து, ஆணியில் மாட்டியிருந்த கோட்டில் தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அப்பா தினமும் அந்தப் பாக்கெட்டில் கைவிட்டுப் பேனா எடுப்பார் என்று அதற்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்து மத்தியானத்துக்கு மேல் கண் பரிசோதனைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. மறுநாள் காலையில் கோட் அழுக்காயிருக்கிறது என்று கடை ஆள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தக் கதை அவருக்குத் தெரியவந்த விதத்தையும் சொன்னார். அவர் கதை படிக்கிறவர் இல்லை. படிக்கிற கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்களிடம் வாசித்துக் காட்டச் சொல்வதற்காக வாரப் பத்திரிகை வாங்கி வைத்திருப்பார். நேற்றுக் காலையில் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டி, பத்திரிகையைக் கையில் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் படியுங்கள் என்றிருக்கிறார். அந்த அம்மா நடுப்பக்கத்தைப் பிரித்து, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், பக்கத்துல வந்து உட்கார்ந்தா போதும், கறுப்பு ஃபிரேம்தான் போட்டிருப்பேன், உங்க முக்கால் என்று படித்திருக்கிறார். "எழுத்து தெளிவா தெரியுதுங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

முக்கால் என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார். ஆறு வயதில் மகள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை என்று அழுதபோது அவரே பரிசோதித்தாராம். பவர் மைனஸ் முக்கால். இவ்வளவு சின்ன ஆளுக்கு முக்கால் பவரா என்று அன்றிலிருந்து அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். "எட்டாம் மாசம்னு எழுதியிருக்காங்க. முழுசா பத்து மாசம் ஆகிப் பொறந்த புள்ள சார்" என்றார். என்னைத் திட்டவில்லை. அதை மட்டும் திருத்தினார்.

நேற்றே நிலையத்திலிருந்து அந்தப் பெண் தங்கியிருந்த விடுதிக்கு ஆள் போயிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேலையையும் விட்டு, அறையையும் காலி செய்துவிட்டு, பழைய போன் நம்பரையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டது என்று சொன்னார்கள். எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை போய் இன்றோடு எழுபத்து நான்கு நாள் ஆகிறது என்று அவர் கணக்குச் சொன்னார். கடிதத்தை எடுத்ததற்காக என்மேல் நடவடிக்கை வேண்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் வேண்டாம், அந்தத் தாள் வேண்டும் என்றார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தைத் திறந்து காட்டியதும் அவர் இரண்டு விரலால் தாளின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். வரவில்லை. ஏட்டு பிளேடு எடுத்தார். கிழிந்துவிடும், என்னைக் கடைக்குக் கூட்டிப்போங்கள் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர், ரைட்டர், அவர், நான் நான்கு பேரும் கடைக்குப் போனோம். முதலாளி முறைத்தார். நீராவி இஸ்திரிப்பெட்டியைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்து, வெறும் ஆவியை மட்டும் தாளின் மேல் விட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தினேன். பட்டுப்புடவையில் ஒட்டிய மெழுகை எடுக்கிற முறைதான். இருபது நிமிஷம் ஆனது. நான் நன்றாக ஒட்டியிருந்தேன்.

தாள் முழுசாக வந்தது. பென்சில் எழுத்தாக இருந்ததால் ஈரத்தில் கலையவில்லை. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் படித்தார். அதன் பிறகு திருப்பினார்.

பின்பக்கத்தில் கீழே ஒரு போன் நம்பர் இருந்தது. புது நம்பர் என்று எழுதியிருந்தது. அதற்கு அடியில், "வர முடியலேன்னா பரவால்லப்பா. இந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க. கோபம் போயிடுச்சுன்னு எடுத்துக்கறேன். அதுவும் வரலேன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று இருந்தது.

அந்த வரிகளைத்தான் நான் பதினொரு வாரத்துக்கு முன் பசையில் வைத்து நீவியிருக்கிறேன்.

அவர் அங்கேயே, இஸ்திரி மேஜை பக்கத்தில் நின்று, அந்த நம்பரை அழுத்தினார். மணி அடித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. நம்பர் உயிரோடுதான் இருக்கிறது. முழுக்க அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அடியுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அவர் மாட்டேன் என்றார். "ஒரு மிஸ்டு கால்னுதானே சார் எழுதியிருக்கா. ரெண்டாவது அடிச்சா பயந்துடுவா" என்றார். நம்பர் யார் பேரில், எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்க இரண்டு நாள் ஆகும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, போனைப் பாக்கெட்டில் வைத்தால் கேட்காது என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு திரும்ப இங்கே வந்து இதைச் சொல்கிறேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பெஞ்சின் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். என் வலதுகை இரண்டு விரலில் ஆவி பட்டுக் கொப்புளம் இருக்கிறது என்று ரைட்டர்தான் காட்டினார். எனக்கு வலி தெரியவில்லை. ரைட்டரே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பதினொரு நோட்டையும் ஒப்படைக்கிறேன். யார் யாருக்குச் சேர வேண்டிய காகிதம் அதில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஆவியில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், நானே உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன்.

இதில் நான் சொன்னதெல்லாம் நடந்தது. என் தொழில் கற்பனை என்றாலும் இதில் ஒரு இடத்திலும் என் கைச்சரக்கைச் சேர்க்கவில்லை. ரைட்டர் படித்துக் காட்டினார், கேட்டேன், சரியாக இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன், என் கையெழுத்துக்கும் மேலே எழுதியதற்கும் நடுவில் நான்கு வரி இடம் விடும்படி கேட்டேன். எதற்கு என்றார்கள். போன் வந்தால் அதையும் சேர்த்து எழுதத்தான் என்றேன். வாக்குமூலத்தில் வெற்றிடம் விடக் கூடாது, பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடுவார்கள் என்று ரைட்டர் சொன்னார். அவர் சொல்வது சரி. நுழைக்கிற ஆள் நான்தான். அந்த நான்கு வரியிலும் மூலைக்கு மூலை கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

பகல் ஒரு மணி ஐந்து நிமிஷம். போன் இன்னும் வரவில்லை.

(ஒப்பம்)